மகளை முதல் ரஷ்ஷராக நிற்கச் சொல்கிறார்கள், சம்மதிக்கலாமா?

கேட்பவர்: கொலுசுப்பட்டறை, சிவதாபுரம்

வணக்கம். சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறேன். வீட்டு முன்னறைதான் பட்டறை. நானும் என் தம்பியும் பற்றவைப்பு வேலை பார்க்கிறோம்.

2024 ஆகஸ்டு 4ஆம் தேதி வரைக்கும் ஹாக்கி என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆடிப் பண்டிகை ஆர்டர் முடிக்க வேண்டியிருந்ததால் லீவு போடாமல் உட்கார்ந்திருந்தோம். மதியம் ஒன்றரை மணிக்கு, அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் டிவியைப் போட்டாள். பாரீஸ் ஒலிம்பிக், ஆண்கள் ஹாக்கி காலிறுதி, இந்தியாவும் பிரிட்டனும். 17ஆவது நிமிஷத்தில் நம் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை கொடுத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். மீதி 43 நிமிஷமும் பத்துப் பேர்தான். அதிலும் ஹர்மன்பிரீத் முதல் கோலைப் போட்டார், அவர்கள் ஒன்று திருப்பினார்கள், அதற்கப்புறம் ஒரு கோலும் விடவில்லை. ஷூட் அவுட்டில் 4-2. நம் கீப்பர் ஸ்ரீஜேஷ் கையை விரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு என் தம்பி பர்னரை அணைத்துவிட்டான். அன்றைக்கு இரண்டு ஜோடி பாதியிலேயே நின்றது.

மறுநாளே மகள் பள்ளி ஹாக்கி டீமில் பெயர் கொடுத்துவிட்டாள். இப்போது ஒன்பதாவது. டிஃபென்ஸில் ஆடுகிறாள், நன்றாக ஆடுகிறாள் என்று சொல்கிறார்கள். குறுவட்டப் போட்டி வருகிறது. எதிரணிக்குப் பெனால்டி கார்னர் (கோலுக்குப் பக்கத்தில் தப்பு செய்தால் கொடுக்கிற அடி) வரும்போது முதல் ரஷ்ஷராக, அதாவது அடிக்கிறவரை நோக்கி முதலில் ஓடித் தடுக்கிறவளாக, அவள்தான் ஓட வேண்டும் என்று பி.டி. மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் பிராக்டிஸ் முடிந்து வந்தவள் நொண்டிக்கொண்டே வந்தாள். முழங்காலுக்கு மேலே, தொடையில் பந்து பட்டிருக்கிறது. என் மனைவி மஞ்சள் அரைத்துப் போடும்போது கிட்டே போய்ப் பார்த்தேன். அந்தப் பந்தில் சின்னச் சின்னக் குழிகள் இருக்குமே, அது அத்தனையும் தோலில் பதிந்திருந்தது. அச்சில் வைத்து அடித்த தகட்டைத் தினமும் பார்க்கிறவன் நான். எவ்வளவு வேகத்தில் அடித்தால் அப்படிப் பதியும் என்று எனக்குத் தெரியும். அன்று ராத்திரி தூங்கவில்லை.

பள்ளியில் மாஸ்க் ஒன்றே ஒன்று இருக்கிறதாம். எலாஸ்டிக் தொளதொளத்துப் போய் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். முழங்கால் பேட் இல்லை. மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறாள். மகள் மூன்று நாளாக என்னிடம் பேசவில்லை. ஹாக்கி ஆடினவர்கள் யாராவது சொல்லுங்கள். இது அவசியமான இடமா, இல்லை யாரோ ஒருவர் அடி வாங்க வேண்டும் என்று வைக்கிற இடமா? சம்மதிக்கலாமா?

பதில்: ஏற்காடு, ஓய்வுபெற்ற பி.டி. ஆசிரியர்

தம்பி, முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுத்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். உங்கள் பயம் சரியான பயம். ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு.

முதலில் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அது அடி வாங்குகிற இடம் இல்லை. பெனால்டி கார்னரில் கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர்தான் பின்கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம், மீதிப் பேர் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். எதிராளி கோல்போஸ்ட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளிப் பின்கோட்டில் நின்று பந்தை வெளியே தள்ளுவார். பந்து டி-யை (கோலுக்கு முன்னால் போட்டிருக்கிற அரைவட்டம்) விட்டு வெளியே போய், அதற்கப்புறம் உள்ளே வந்தால்தான் கோலுக்கு அடிக்கலாம். டி-யின் விளிம்பு கோலிலிருந்து 14.63 மீட்டர். பந்து தள்ளப்பட்ட நொடியில் நம் முதல் ரஷ்ஷர் கிளம்பி, அடிக்கிறவருக்கு நேரமும் கோணமும் கிடைக்காமல் செய்ய வேண்டும். ஒரு பக்கத்தை ரஷ்ஷர் அடைப்பார், மறு பக்கத்தைக் கீப்பர் பார்த்துக்கொள்வார். இதை இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

நீங்கள் சொன்ன அதே அமித் ரோஹிதாஸ்தான் அப்போது இந்திய அணியின் முதல் ரஷ்ஷர். ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டத்துக்காரர். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்காக ஜெர்மனியோடு ஆடிய ஆட்டத்தில் நாம் 5-4 என்று முன்னால் இருக்கும்போது, முடிய ஆறு நொடி இருக்கையில் அவர்களுக்குக் கார்னர் கிடைத்தது. எல்லோருக்கும் ஸ்ரீஜேஷ் தடுத்ததுதான் ஞாபகம் இருக்கும். ஓடிப்போனவர்களை யாரும் பேசுவதில்லை. 41 வருஷத்துக்குப் பிறகு வந்த பதக்கம் அது. அதற்கு முன்னால் 1980இல் மாஸ்கோவில் தங்கம் வாங்கியபோது நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன்தான் கேப்டன்.

பாரீஸில் அந்தச் சிவப்பு அட்டையால் ரோஹிதாஸுக்கு அரையிறுதியில் ஆடத் தடை விழுந்தது. மறுபடியும் ஜெர்மனி. 7ஆவது நிமிஷத்தில் நாம் கோல் போட்டோம், 18ஆவது நிமிஷத்தில் கொன்சாலோ பெய்லட் பெனால்டி கார்னரில் சமன் செய்தார். ரோஹிதாஸ் இருந்திருந்தால் அது கோலாகியிருக்காது என்று நான் சொல்ல மாட்டேன், பெய்லட் உலகத்தின் பெரிய டிராக் பிளிக்கர்களில், அதாவது பந்தை ஸ்டிக்கில் இழுத்துச் சுண்டி எறிகிறவர்களில், ஒருவர். 2016 ரியோவில் அர்ஜென்டினாவுக்கு ஆடித் தங்கம் வாங்கியவர். ஆனால் ராத்திரி பத்தரை மணிக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்டு அந்த ஆட்டத்தைப் பார்த்தபோது, கார்னர் வரும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு இடம் காலியாகத்தான் தெரிந்தது. 3-2 என்று தோற்றோம். உங்கள் மகளின் மாஸ்டர் அந்த இடத்துக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றால், டீமில் கண்ணும் காலும் வேகமானவள் அவள்தான் என்று அர்த்தம்.

சரி, அடிக்கு வருகிறேன். பெரிய ஆண்கள் ஆட்டத்தில் டிராக் பிளிக் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வரும், எந்த உயரத்திலும் வரலாம். குறுவட்டப் போட்டியில் பெண் பிள்ளைகள் பெரும்பாலும் ஹிட்தான் அடிப்பார்கள். முதல் ஹிட் கோல் பலகை உயரத்தைத் தாண்டக் கூடாது, 46 சென்டிமீட்டர். கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அது டர்ஃபுக்கு, செயற்கைப் புல் தரைக்கு. நம் பள்ளி மைதானங்கள் மண் தரை. ஒரு சின்னக் கல்லில் பட்டால் போதும், கணுக்காலுக்கு வர வேண்டிய பந்து மார்புக்கு வரும். அதனால்தான் ஒலிம்பிக்கில் ஆடுகிறவர்களைவிட உங்கள் மகளுக்குப் பாதுகாப்பு அதிகமாக வேண்டும் என்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையனை மாஸ்க் இல்லாமல் ஓட விட்டேன். அப்போது எங்களிடம் மாஸ்க்கே கிடையாது. மேல் வரிசையில் இரண்டு பல் போயிற்று. அவன் அப்பா எஸ்டேட்டில் மிளகு பறிக்கிறவர். சில்வர் ஓக் மரத்தில் ஏணி போட்டு நின்றவர், கீழே இறங்கி வந்து என்னை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அந்தப் பையனின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்கப்புறம் மாஸ்க் இல்லாமல் ஒரு பிள்ளையையும் நான் ஓட விட்டதில்லை. மாஸ்க் இல்லாத வருஷங்களில் எங்கள் டீம் ரஷ் பண்ணாமல் கோல்கோட்டிலேயே நின்று தடுத்தது, தோற்றாலும் தோற்கட்டும் என்று.

இன்னொன்று, எப்படி ஓட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா? தொடையில் பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்ததும் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வந்தது. ஸ்டிக்கைத் தரையோடு படிய வைத்து, பந்து வரும் கோட்டுக்கு உடம்பைப் பக்கவாட்டில் வைத்து ஓட வேண்டும். நேராக நெஞ்சைக் கொடுத்து ஓடக் கூடாது. விதியும் அதைத்தான் சொல்கிறது. பந்தை ஸ்டிக்கால் ஆட முயலாமல் அடியின் பாதையில் நேராக ஓடினால் அது ஆபத்தான ஆட்டம், ரஷ்ஷர் மேல்தான் குற்றம். அடித்த இடத்துக்கு 5 மீட்டருக்குள் இருக்கும்போது முழங்காலுக்குக் கீழே பட்டால் மறுபடியும் கார்னர், சாதாரணமாக நிற்கும் நிலையில் முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் அடித்ததே ஆபத்து என்று நமக்கு ஃப்ரீ ஹிட்.

ஏற்காட்டில் நவம்பர் மாதம் காலை ஆறரைக்கு ஒரு கோலிலிருந்து எதிர்க் கோல் தெரியாது, பனி அப்படி மூடியிருக்கும். அந்த நேரத்தில்தான் நான் ரஷ் சொல்லிக்கொடுப்பேன், டென்னிஸ் பந்தை வைத்து. தள்ளுகிறவளின் ஸ்டிக்கில் பந்து கிளம்பும் ‘டொக்’ சத்தத்துக்கு ஓட வேண்டும். முந்தி ஓடினால் நடுக்கோட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பதில் ஆளும் கிடையாது. பிந்தி ஓடினால் பந்து முகத்துக்கு வரும். ஒரு மாதம் டென்னிஸ் பந்திலேயே ஓடினால் எந்தக் கோட்டில் ஓட வேண்டும் என்பது காலுக்குத் தெரிந்துவிடும். அப்புறம்தான் ஹாக்கிப் பந்து.

சம்மதியுங்கள். ஆனால் நேரில் போய் மாஸ்டரைப் பார்த்து, மாஸ்க்கும் முழங்கால் பேடும் இல்லாத நாளில் என் பொண்ணு ஓட மாட்டாள் என்று சொல்லிவிடுங்கள். நல்ல மாஸ்டராக இருந்தால் கோபப்பட மாட்டார். இந்தக் குறுவட்டத்துக்குள் பழக்க நேரம் போதாது என்றால், இந்த வருஷம் இரண்டாவது ஆளாக நிற்கட்டும்.

பதில்: நாலு ரோடு

எனக்கு ஹாக்கி தெரியாது, கிரிக்கெட் ஆடுவேன். கிரிக்கெட் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஓடினால் என்ன? அது எல்லா வீட்டிலும் இருக்குமே.

பதில்: ஏற்காடு, ஓய்வுபெற்ற பி.டி. ஆசிரியர்

கூடாது தம்பி. ஹெல்மெட் கீப்பருக்கு மட்டும்தான். ரஷ்ஷர் போடுவது முகத்தோடு ஒட்டி வழுவழுப்பாக இருக்கிற மாஸ்க். கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் பக்கத்தில் ஓடுகிறவளைக் குத்தும். கார்னர் முடிந்ததும் அதையும் கழற்றிப் போட்டுவிட வேண்டும்.

பதில்: கீப்பர் அக்கா, அம்மாபேட்டை

அண்ணா, நான் கல்லூரி டீமில் நாலு வருஷம் கீப்பர். சார் சொன்னது எல்லாம் சரி. கடைசியில் சொன்னதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டாவது ஆளாக நிற்கிறவளுக்கும் பந்து வரத்தான் செய்யும். முதல் ஆள் சரியாக ஓடவில்லை என்றால் அவளுக்குத்தான் இன்னும் மோசமாக வரும், ஏனென்றால் அவள் அதை எதிர்பார்த்து நிற்க மாட்டாள். தெரிந்த பிள்ளை முன்னால் ஓடுவதுதான் பின்னால் நிற்கிற எங்களுக்குப் பாதுகாப்பு.

டோக்கியோவில் 2021 ஆகஸ்டு 2, நம் பெண்கள் அணி ஆஸ்திரேலியாவை 1-0 என்று ஜெயித்ததை ஹாஸ்டலில் ஒரே போனில் ஏழு பேர் பார்த்தோம். குர்ஜித் கவுர் போட்ட ஒரு கோல். அதற்கப்புறம் ஆட்டம் முழுக்க ஆஸ்திரேலியா கார்னராக வாங்கிக்கொண்டே இருந்தது, ஒன்றுகூட உள்ளே போகவில்லை. கீப்பர் சவிதாவை எல்லோரும் பாராட்டினார்கள், நானும் அவரைப் பார்த்துத்தான் கீப்பர் ஆனேன். ஆனால் கீப்பராக நின்ற பிறகுதான் புரிந்தது. என் முன்னால் ஓடுகிறவள் தன் பக்கத்தை அடைத்தாள் என்றால் எனக்குப் பாதிக் கோல்தான். அவள் குறுக்கே வந்து என் கண்ணை மறைத்தால் முழுக் கோலும் என் தலையில். எங்கள் ரஷ்ஷரும் நானும் ஒவ்வொரு கார்னருக்கும் முன்னால் கையுறையைத் தட்டிக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை பேசுவோம், ‘வலது’ அல்லது ‘இடது’. உங்கள் மகளைக் கேளுங்கள், அவள் டீம் கீப்பரோடு அப்படிப் பேசி வைத்திருக்கிறாளா என்று.

சார் விட்டுவிட்டது ஒன்று இருக்கிறது. மவுத் கார்டு வாங்கிக் கொடுங்கள். வெந்நீரில் போட்டு இளகியதும் கடித்தால் அவள் பல்லுக்கே படிந்துவிடும். அது அவளுடையது மட்டும், யாரோடும் பங்கு போடக் கூடாது. மாஸ்க்கும் முடிந்தால் சொந்தமாக இருக்கட்டும். நாலு பேர் போட்ட மாஸ்க்கில் வியர்வை வாடைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள், பாவம். 2026 செப்டம்பரில் நாகோயாவில் ஆசிய விளையாட்டு நடக்கிறது. ஜெயிக்கிற அணி நேராக 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் போகும். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பாருங்கள். கார்னர் வரும்போது பந்தைப் பார்க்காதீர்கள், முதலில் ஓடுகிறவரைப் பாருங்கள். உங்கள் மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்து மகளையே விளக்கச் சொல்லுங்கள்.

கேட்பவர்: கொலுசுப்பட்டறை, சிவதாபுரம்

சார், அக்கா, இரண்டு பேருக்கும் கும்பிடு. சனிக்கிழமை பட்டறையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மைதானத்துக்குப் போனேன். மாஸ்டர் கோபப்படவில்லை. மாஸ்க் கேட்டுப் பள்ளியில் எழுதிக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது, வரவில்லை என்றார். அங்கேயே மூன்று வீட்டுக்காரர்கள் பேசி, பேடும் மாஸ்க்கும் நாங்களே வாங்குவது என்று முடிவு செய்தோம். மவுத் கார்டை மகள் நேற்று ராத்திரி வெந்நீரில் போட்டுக் கடித்துப் பார்த்தாள். பேச முடியாமல் அவள் ‘ம்ம், ம்ம்’ என்றதற்கு அவள் அம்மா சிரித்துவிட்டாள்.

குறுவட்டப் போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. டென்னிஸ் பந்து வாங்கியாயிற்று. தொடையில் ஏன் பட்டது என்று கேட்டேன். நேராக ஓடினேன் என்று அவளே சொன்னாள். சத்தத்துக்குக் கிளம்புவதைச் சொன்னதும் உடனே செய்து பார்க்க வேண்டும் என்றாள். பட்டறைக்கு முன்னால் தெருவில் நான் பந்தைத் தள்ள, அவள் எனக்கு முதுகு காட்டி நின்று, சத்தம் கேட்டுத் திரும்பி ஓடி வருகிறாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நாற்பது தடவை. நேற்று முப்பது தாண்டியதும் சரியாக வந்து பந்தைத் தட்டிவிட்டாள். என்னிடம் ஸ்டிக் கிடையாது சார், துடைப்பக்கட்டையில்தான் தள்ளுகிறேன். அந்தச் சத்தமும் உண்மையான ஸ்டிக் சத்தமும் வேறாக இருக்குமா? இருக்கும் என்றால் பழைய ஸ்டிக் ஒன்று வாங்கிவிடுகிறேன்.

பதில்: ஏற்காடு, ஓய்வுபெற்ற பி.டி. ஆசிரியர்

வேறாகத்தான் இருக்கும். வாங்க வேண்டாம். என்னிடம் இரண்டு ஸ்டிக் சும்மா கிடக்கிறது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குச் சேலம் இறங்குகிறேன், அடிவாரத்துக்கு வந்து ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மகளையும் கூட்டி வாருங்கள், அந்தக் காயம் ஆறிவிட்டதா என்று கேட்க வேண்டும்.