கம்பெனி கைமாறினால் கைப்பக்குவம் என்ன ஆகிறது?

தாழையூத்திலிருந்து:

ஜப்பானின் யோக்கஹாமா ரப்பர் 2016-இல் அலையன்ஸ் டயர் குழுமத்தை வாங்கியது நம் பக்கத்தில் பலருக்கு நினைவிருக்கும். இஸ்ரேலில் தொடங்கிய கம்பெனி, கங்கைகொண்டானில் ஆலை, விலை ஏறக்குறைய 118 கோடி டாலர். நான் அங்கே வேலை பார்த்தவன் இல்லை. ரப்பர் உதிரிபாகம் செய்யும் வேறொரு சின்ன ஆலையில் இருந்தேன். அதையும் ஒரு ஜப்பான் கம்பெனிதான் வாங்கியது.

நாலு மாதத்தில் புது வேலைமுறைத் தாள்கள் வந்தன. உருளைகளுக்கு நடுவே ரப்பரைப் பிசையும் கலவை மில்லிலிருந்து இறங்கும் ரப்பர் தகட்டை எத்தனை நிமிடம் ஆறவிட வேண்டும், எத்தனை அடுக்கு வைக்கலாம், எந்த ஷிஃப்டில் எந்தக் கலவை, எல்லாம் இருந்தது. அவர்கள் ஊர்க் குளிருக்கு நல்ல தாள்தான். சித்திரை பிறந்ததும் இங்கே கெட்டது. கந்தகம் சேர்த்த கலவையைச் சூட்டோடு அடுக்கினால், அச்சுக்குப் போகும் முன்பே வேகத் தொடங்கிவிடும். ஸ்கார்ச் என்போம். தகட்டில் சின்னச் சின்னக் கட்டி தட்டும், அச்சில் ஓடாது. வெந்த ரப்பரைத் திரும்ப உருக்கவும் முடியாது. நாள்தோறும் கழிவு குவிந்தது.

மில்லில் 22 வருஷம் நின்ற அண்ணாச்சி ஒருவர் இருந்தார். தகட்டை மடித்து, நடு மடிப்புக்குள் உள்ளங்கையை நுழைப்பார். பத்து எண்ணுகிற வரை கை தாங்கினால்தான் அடுக்க விடுவார். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர்தான் உருளைகளைக் குளிர்விக்கும். மத்தியானம் அதுவே கொதிக்கும். அதனால் கோடையில் கந்தகக் கலவையை விடியற்காலையிலேயே முடித்துவிடுவார். புதுத் தாள் அதை இரண்டாம் ஷிஃப்டுக்கு மாற்றியிருந்தது. அவர் வாயே திறக்கவில்லை.

டீக்கடையில் வைத்துக் கேட்டேன். "எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டா, அப்புறம் நம்மள எதுக்கு வச்சிருக்கப் போறான்? மகளுக்குக் கல்யாணம் கெடக்கு வே" என்றார். அவர் பயந்ததில் தப்பே இல்லை. ஆட்குறைப்புப் பட்டியல் வருகிறது என்ற பேச்சு அப்போது கேன்டீன் முழுக்க இருந்தது.

கூட்டங்களிலும் ஒரு குழப்பம். நாங்கள் சொல்லச் சொல்ல ஜப்பான்காரர்கள் "ஹை, ஹை" என்பார்கள். ஒத்துக்கொண்டார்கள் என்று எழுந்து வந்துவிடுவோம். அது பல நேரம் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று மட்டும்தான் பொருள். நம் ஆட்கள் சொன்ன "சரிங்க சார்" கதையும் அதேதான்.

இரண்டு காரியம் நிலைமையை மாற்றியது. இரண்டு வருஷத்துக்கு யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டோம் என்று நிர்வாகம் எழுத்தில் கொடுத்தது. அடுத்த வாரம் ஜப்பான் இன்ஜினீயர் ஒருவர் வெயில் நேரத்தில் மில் பக்கம் வந்து நின்று, அந்த மடிப்புக்குள் தன் கையை வைத்தார். நாலு எண்ணுவதற்குள் இழுத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அண்ணாச்சி பேசினார், மொழிபெயர்க்க வந்த பெண் மூச்சு வாங்குகிற அளவுக்கு. தாளில் கோடைக்கென்று தனிப் பத்தி வந்தது. பயிற்சி கொடுப்பவர் என்ற இடத்தில் அவர் பெயர் வந்தது. கழிவு குறைந்ததைவிட எனக்கு அந்தப் பெயர்தான் பெரிசு.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து:

எங்கள் தாத்தா ஹார்வி மில்லில் நூற்புப் பிரிவில் இருந்தார். ஸ்காட்லாந்துக்காரர்கள் தொடங்கியது, 1974-இல் கோட்ஸ் என்ற நூல் கம்பெனியோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. பெயர்ப்பலகை மாறியது, முதலாளி மாறினார், ஆனால் அறுந்த நூலை முடிச்சுத் தெரியாமல் இணைக்கும் வேலையை ஒருவர் பக்கத்தில் நின்றுதான் கற்றதாகச் சொல்வார். உங்கள் அண்ணாச்சியின் உள்ளங்கையைப் படித்ததும் அவர் விரல்கள்தான் ஞாபகம் வந்தன.

பாளையங்கோட்டையிலிருந்து:

எனக்கு நேர் எதிர்ப்பக்க அனுபவம். நான் கணக்குப் பிரிவில் இருக்கும் கம்பெனி ஜெர்மனியில் ஒரு சின்ன இயந்திரக் கம்பெனியை வாங்கியது. அதாவது, வாங்கியவர்கள் நாங்கள். அங்கே ஓய்வு பெறவிருந்த கணக்காளர் 140 பக்கம் ஒப்படைப்புக் குறிப்பு அனுப்பினார். வரி வரியாகப் படித்தேன். ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரே வாடிக்கையாளருக்கு ஒரு தொகை தள்ளுபடியாகப் போயிருந்தது. காரணம் எதிலும் இல்லை. செலவைக் குறைக்கும் வேகத்தில் அதை நிறுத்தச் சொல்லி நான்தான் கையெழுத்துப் போட்டேன். மார்ச்சில் அந்த வாடிக்கையாளர் போய்விட்டார்.

அப்புறம்தான் அந்தப் பெரியவருக்குப் போன் போட்டேன். பல வருஷம் முன்பு பழுதான இயந்திரம் ஒன்று அவர்களுக்குப் போய்விட்டதாம். பழைய முதலாளி கைகுலுக்கி, வருஷா வருஷம் ஈடு செய்வதாகச் சொன்ன வாக்காம். "ஏன் எழுதவில்லை?" என்றேன். "நீங்கள் எது என்றுதான் கேட்டீர்கள், ஏன் என்று கேட்கவில்லை" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இப்போது வாரம் ஒருமுறை, இங்கே மத்தியானம், அவருக்குக் காலை, வீடியோவில் பேசுகிறோம். பேரேட்டில் 'காரணம்' என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். இதுவரை 31 பதிவுகளுக்கு எழுதியாயிற்று. அவர் சும்மா பேசக் கூடாது, மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் கொடுங்கள் என்று மேலே எழுதிக் கேட்டிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.