தொல்லுலகக் கண்டுபிடிப்புகள் பற்றிய சிறுவர் படநூல்கள்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு, தொல்லுயிர்களையும் ஆதிமனிதரையும் பற்றிய படநூல்கள் வாங்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டுள்ளது. எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் படிப்பார்கள். புரட்டிப் பார்த்த நூல்களில் படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் ஒரே டைனோசர் ஒன்றில் பச்சைச் செதில்களோடும், மற்றொன்றில் செம்பழுப்பு இறகுகளோடும் இருக்கிறது. எதை நம்பி வாங்குவது என்று அறிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

மறுமொழி 1

படத்தில் எது கிடைத்த சான்று, எது ஓவியரின் ஊகம் என்பதை நூல் பிரித்துச் சொல்கிறதா என்று முதலில் பாருங்கள். சீனாவின் லியாவோனிங் பகுதியில் கிடைத்து, 1996இல் அறிவிக்கப்பட்ட சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறு டைனோசரின் புதைபடிவத்தில் மெல்லிய இறகிழைகள் பதிந்திருந்தன. அவற்றில் எஞ்சிய நிறமி நுண்துகள்களை ஆராய்ந்த அறிஞர்கள், அதன் வாலில் செம்பழுப்பும் வெளிர்நிறமும் மாறிமாறி வந்தன என்று 2010இல் தெரிவித்தனர். ஆகவே அந்த விலங்குக்குச் செம்பழுப்பு தீட்டினால் அதற்குச் சான்று உண்டு. பெரும்பாலான டைனோசர்களின் நிறமோ இன்றும் ஊகம்தான்.

இகுவானோடான் என்ற டைனோசரின் கதை இடம்பெற்ற நூல் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். இங்கிலாந்தின் கிடியன் மாண்டெல் 1825இல் அதற்குப் பெயரிட்டார். தனியே கிடைத்த ஒரு கூர்முள்ளை மூக்குக் கொம்பு என்று கருதியதால், 1854இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் திறக்கப்பட்ட சிலைகளிலும் அது மூக்கின்மேல் நிற்கிறது. 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் வெளிப்பட்ட பிறகே அது கைக் கட்டைவிரலின் முள் என்பது உறுதியாயிற்று. பழைய உருவத்தையும் புதிய உருவத்தையும் அருகருகே வரைந்து, மாற்றத்துக்கான எலும்பையும் காட்டும் பக்கம், பிள்ளைகளுக்கு அறிவியல் நடைபெறும் முறையையே கற்பித்துவிடும்.

மறுமொழி 2

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. அல்டமிரா குகையைச் சொல்லும் நூல்களில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 1879இல், வட ஸ்பெயினில் உள்ள அக்குகையின் தரையில் மார்செலினோ சான்ஸ் டி சௌதுவோலா கற்கருவிகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவருடைய சிறுமகள் மரியா நிமிர்ந்து பார்த்துக் கூரையிலிருந்த காட்டெருமைகளைக் கண்டாள் என்பதோடு பல நூல்கள் நின்றுவிடுகின்றன. அந்த ஓவியங்கள் தொல்காலத்தவை என்று அவர் 1880இல் எழுதியதை அறிஞர்கள் ஏற்க மறுத்ததையும், அண்மைக்கால ஓவியர் ஒருவரின் கைவேலை என்ற பழி எழுந்ததையும், 1888இல் சௌதுவோலா இறந்துபோனதையும், மறுத்தவர்களுள் முதன்மையான எமில் கார்ட்டெய்லாக் 1902இல்தான் தம் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டதையும் சொல்லாவிட்டால் அந்த வரலாறு பாதியில் அறுந்துபோகிறது. வகுப்பில் இதைச் சொன்னபோது, "அவர் இருக்கும்போதே யாரும் மன்னிப்புக் கேட்கவில்லையா, டீச்சர்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். துயரமான பகுதியைப் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று பதிப்பாளர்கள் அஞ்சத் தேவையில்லை.

படங்களிலும் ஒன்றைக் கவனியுங்கள். அங்கு வரைந்தவர்கள் பாறையின் புடைப்புகளையே எருமையின் உடலாகப் பயன்படுத்திச் செங்காவியும் கரியும் தீட்டினார்கள். தட்டையான நிழற்படத்தில் அந்தப் புடைப்பு தெரிவதில்லை. பக்கவாட்டு விளக்கொளியில் குகையை வரைந்து காட்டும் ஓவியரால்தான் அதை உணர்த்த முடியும்.

மறுமொழி 3

நம் மண்ணைச் சொல்லும் நூலுக்கும் இடம் ஒதுக்குங்கள். நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கம் என்ற தொல்லிடமும் கண்டறியப்பட்டது. அங்கு தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்தெடுத்த கற்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்று 2011இல் வெளியிடப்பட்டது. ஆனால் அவற்றைச் செய்தவர்களின் எலும்பு எதுவும் அங்கு கிடைக்கவில்லை. எனவே அவர்களின் முகத்தை வரையும் நூல், அது ஊகம் என்று படத்தின் அடியிலேயே சொல்ல வேண்டும். கோடரியை ஒரு கையின் அருகில் வைத்து அளவு புரியும்படி வரைந்திருந்தால் இன்னும் நல்லது. ஃபூட் சேகரித்த கருவிகள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவை என்பதால், வாங்கிய நூலைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளை அங்கே ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.