மாங்காய் சீசனில் தினமும் கட்ட ஜனதா வாட்சுக்கு எந்த வார் போடலாம்?

போச்சம்பள்ளி:
அப்பா கட்டிய எச்.எம்.டி. ஜனதா இப்போது என் கையில் இருக்கிறது. சாவி கொடுக்கும் வாட்ச். சர்வீஸ் முடிந்து நேரம் சரியாகக் காட்டுகிறது. தோப்புக்கும் மண்டிக்கும் அதைக் கட்டிக்கொண்டுதான் போகிறேன், கழற்றி வைக்க மனசு வரவில்லை. சிக்கல் வாரில்தான். தோல் வார் வியர்வையில் ஊறி நாறுகிறது, ஓட்டை கிழிகிறது, மணிக்கட்டில் அரிப்பு வேறு. கடைக்காரர் ஸ்டீல் செயின் போடச் சொல்கிறார். போடலாமா அண்ணா? ரப்பர் பரவாயில்லையா? என்ன அளவு என்று கேட்டு வாங்குவது?

ஓசூர்:
தம்பி, முதலில் அளவு. பழைய வாரை அளக்காதீர்கள், அது சரியான அளவில் போட்டதுதான் என்று சொல்ல முடியாது. வாரைக் கழற்றிவிட்டு, அது நுழையும் இரண்டு கொம்புகளுக்கும் உள்ளே இருக்கும் இடைவெளியை வெர்னியர் அளவுகோலில் அளந்து பாருங்கள். அதைவிடக் குறுகிய வார் போட்டால் ஓரத்தில் வாரைப் பிடிக்கும் ஸ்பிரிங் பின் தெரியும், வாட்சும் ஆடும். அகலமானதை நுழைத்தால் ஓரம் மடிந்து சீக்கிரம் அறுந்துவிடும்.

செயின் வேண்டாம் என்பேன். குரோம் பூச்சுள்ள பழைய கேஸ் என்றால் செயின் முனை உரசி உரசிப் பூச்சு போய்விடும். சின்ன வாட்சுக்குக் கனமும் கூடும். ரப்பர் வியர்வையைக் குடிக்காது, ஆனால் அடியிலேயே தேக்கி வைக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு நைலான் நேட்டோ வார்தான் சரி. 1973இல் பிரிட்டன் பாதுகாப்புத் துறை தன் வீரர்களுக்காக வகுத்த வார் அது. ஒரே நாடா, பின்மூடிக்கு அடியில் ஓடும். ஒரு பக்கப் பின் கழன்றாலும் இன்னொன்றில் வாட்ச் தொங்கும், கீழே விழாது. அப்பா வாட்சுக்கு இதைவிட என்ன வேண்டும்!

தருமபுரி:
அரிப்பு எந்த இடத்தில் என்று சொல்லுங்கள். பின்மூடி படும் இடத்தில் வட்டமாகச் சிவந்தால் உலோகம் காரணமாக இருக்கலாம், சிலருக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாது. வார் ஓடும் தடத்தில் என்றால் எனக்கு மாங்காய்ப் பால் மேல்தான் சந்தேகம். காம்பு ஒடிக்கும்போது தெறிக்கும் பால் தோலைப் புண்ணாக்கும் என்பது தோப்புக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பாலும் வியர்வையும் தோல் வாருக்குள் ஊறிவிட்டால், தினமும் அதையே மணிக்கட்டில் கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். பழைய வாரைத் தூக்கிப் போடுங்கள். புண் ஆறும்வரை வாட்சை மறு கையில் கட்டுங்கள், ஆறவில்லை என்றால் தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

போச்சம்பள்ளி:
வார் தடத்தில்தான் அண்ணா, பக்கிள் பக்கம் அதிகம். பால் ஊறியிருக்கும் என்று யோசிக்கவே இல்லை. அளந்தேன், 18 மி.மீ. வருகிறது. நைலானைச் சோப்புப் போட்டுத் துவைக்கலாமா?

தருமபுரி:
தாராளமாக. 18இல் இரண்டு வாங்குங்கள், ஒன்று காயும்போது ஒன்று கையில். ஆனால் வாட்சைக் கழற்றிவிட்டுத் துவையுங்கள்.

கிருஷ்ணகிரி:
அந்தக் கடைசி வரியை நானும் அழுத்திச் சொல்கிறேன். இத்தனை வயதான வாட்ச் தண்ணீர் தாங்கும் என்று நம்பவே கூடாது. வாரை மாற்றிவிட்டோம் என்று அதோடு கிணற்றடியில் கை கழுவ வேண்டாம். மருந்து அடிக்கிற நாளில் வீட்டிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று, நேட்டோ போட்டால் அடியில் நாடா ஓடுவதால் வாட்ச் கொஞ்சம் தூக்கலாக நிற்கும். என்னிடம் டைட்டன் எட்ஜ் இருக்கிறது, நம்ம ஓசூர்க் கம்பெனியின் மெல்லிய வாட்ச். அதற்கு நேட்டோ போட்டால் அந்த மெலிவே போய்விடும், அதனால் தோல்தான் போடுகிறேன். ஜனதாவுக்கு அந்தக் கவலை இல்லை. கல்யாணம் காட்சிக்கு மட்டும் ஒரு நல்ல தோல் வார் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கழற்றியதும் நிழலில் காயட்டும்.

ஓசூர்:
வாரோடு புதுப் பின்னும் இரண்டு வாங்கிவிடுங்கள் தம்பி, பழைய பின்னில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். வாட்சைக் கையோடு கொண்டுபோனால் கொம்புத் துளைக்குச் சரியான தடிமனில் போட்டுப் பார்த்தே வாங்கலாம்.