ஆன்லைனில் வீணை: ஒருநாள் நன்றாக, ஒருநாள் தகரம் போல. தப்பு எங்கே?

அனுமந்தரம்:
வணக்கம் நண்பர்களே. வீட்டிலிருந்து ஜூமில் வீணை வகுப்பு, அவ்வப்போது ஓபிஎஸ் (பதிவுக்கும் நேரலைக்குமான மென்பொருள்) வழியாக யூடியூபில் நேரலை. எல்லாம் ஒரே அறை, ஒரே மைக், ஒரே லேப்டாப்தான். ஆனாலும் ஒலி நாளுக்கு ஒரு விதமாக இருக்கிறது.

வகுப்பில் தம்பூரா ஆரம்பித்துச் சில நொடிகளில் தேய்ந்து காணாமல் போகிறது. மீட்டின முதல் அதிர்வு கேட்கிறது, பின்னால் வரும் கமகம் (ஸ்வரத்தின் அசைவு) எதிர்முனையில் இல்லை. மாணவர் தாளம் தட்டினால் அந்த நேரம் வீணை அமுங்கிவிடுகிறது. சில வகுப்புகளில் இந்தப் பிரச்சினை எதுவுமே கிடையாது, அதுதான் குழப்பம். நேரலையில் வீணை இடது காதில் மட்டும், தம்பூரா வலது காதில் சன்னமாக. இரவு ஏழு மணிக்கு மேல் இரண்டிலும் திக்கல்.

மைக் கன்டென்சர், அதை லேப்டாப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் ரெண்டு இன்புட் உள்ள யூஎஸ்பி வகை, விண்டோஸ் 11. தம்பூரா ஆப் போனில் ஓடுகிறது. போனின் ஹெட்போன் துளையிலிருந்து ரெண்டாவது இன்புட்டுக்கு ஒரே ஒயர். இணையம் வைஃபை, 100 எம்பிபிஎஸ். எங்கிருந்து தொடங்குவது?

சுருதிப்பெட்டி:
மைக்கை மாற்றுங்கள். கன்டென்சர் வீட்டு அறைக்குச் சரிவராது. கூடவே ஓபிஎஸ்ஸில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டிவிட்டால் ஃபேன் சத்தம் போய்விடும்.

ஒலிப்பொறி:
மைக்கில் கை வைக்க வேண்டாம். அதே மைக்கில் சில வகுப்பு நன்றாக வருகிறது என்றால் குற்றவாளி அது இல்லை.

80 ஹெர்ட்ஸ் வெட்டும் வீணைக்கு ஆகாது. மூன்று கட்டைச் சுருதியில், வீணையின் முதல் தந்தியான சாரணியின் ஸட்ஜம் சுமார் 165 ஹெர்ட்ஸ். மந்தர ஸட்ஜம் 82, அனுமந்தரப் பஞ்சமம் 62. வெட்டினால் உங்கள் பெயரில் இருக்கும் தந்திதான் முதலில் போகும்! 40-க்குக் கீழே வெட்டினால் போதும். ஃபேனைக் குறைத்து, மைக்கைக் குடத்திலிருந்து ஒரு அடி தூரத்தில், குதிரைக்கும் விரல் மீட்டும் இடத்துக்கும் நடுவே பார்த்த மாதிரி வையுங்கள். பலமாக மீட்டும்போது மீட்டர் −12 டெசிபலைத் தொடும் அளவுக்கு கெயின் (இன்புட்டின் ஒலியளவு). அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். உங்களுக்கு இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, மூன்று நான்கு கலந்து கிடக்கின்றன. முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். வகுப்பு நடக்கும்போதே ஓபிஎஸ்ஸில் ரெக்கார்டிங்கும் போடுங்கள். லேப்டாப்பில் பதிவானது சுத்தமாக இருந்து எதிர்முனையில் கெட்டிருந்தால் ஆப் அல்லது நெட். பதிவிலேயே கெட்டிருந்தால் ஒயர், டிரைவர், அறை. இதைச் செய்யாமல் சாமான் வாங்குவது காசுக்குக் கேடு.

ஜூம் பேச்சுக்காகச் செய்தது. விட்டுவிட்டு வருவது பேச்சு, மாறாமல் ஒலிப்பது ஃபேன் அல்லது ஏசி என்பது அதில் இரைச்சலை நீக்கும் நாய்ஸ் சப்ரஷனின் கணக்கு. தம்பூரா மாறாமல் ஒலிப்பதற்கென்றே இருப்பது, அதனால் முதல் பலி அது. வீணையின் கார்வையும் (மீட்டிய பின் நீளும் நாதம்) தேயத் தேய அதே கணக்கில் சேர்ந்துவிடும். தாளம் தட்டும்போது அமுங்குவது எக்கோ கேன்சலேஷன் வேலை: எதிர்முனைச் சத்தம் உங்கள் மைக்கில் திரும்பக்கூடாது என்று உங்கள் ஒலியையும் சேர்த்து அமுக்குகிறது.

செட்டிங்ஸில் ஆடியோ பகுதிக்குப் போய் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' தேர்ந்தெடுங்கள். அதன் கீழே ஹை ஃபிடெலிட்டி மியூசிக் மோடுக்கு டிக் போடுங்கள், எக்கோ கேன்சலேஷன் டிக்கை எடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில், மோனோவுக்கு 96 கிலோபிட் வரை போகும். எக்கோ கேன்சலேஷனை எடுத்துவிட்டால் நீங்கள் ஹெட்போன் போட்டே ஆகவேண்டும், ஒயர் உள்ளதாக. புளூடூத் ஹெட்செட்டின் மைக் வேலை செய்யத் தொடங்கினால் அது ஃபோன் பேசும் தரத்துக்கு இறங்கிவிடும்.

பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: செட்டிங்ஸில் போட்டதோடு முடியவில்லை, மீட்டிங் திரையிலும் அந்தப் பட்டன் 'ஆன்' என்று இருக்கவேண்டும். சில வகுப்பு நன்றாக, சில வகுப்பு மோசமாக என்பதற்கு என் சந்தேகம் இதன் மேல்தான். மாணவர் வாசித்துக் காட்டும்போது நன்றாகக் கேட்க அவர் பக்கத்திலும் இதே அமைப்பு வேண்டும்.

ஒயர்மேன்:
நேரலையில் தம்பூரா சன்னமாக வருவதற்கும் ஜூமுக்கும் சம்பந்தமில்லை, அது ஒயர். போனிலிருந்து வருவது ஸ்டீரியோ: பின் நுனியில் இடது, நடு வளையத்தில் வலது. இன்டர்ஃபேஸின் பேலன்ஸ்டு இன்புட் நுனிக்கும் வளையத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கும். தம்பூரா ஆப் இரண்டு பக்கமும் ஒரே ஒலியை அனுப்பினால் ஒன்றை ஒன்று அடித்துவிட்டு, மிச்சம் மீதிதான் தகரம் மாதிரி கேட்கும். ஒரு பக்கம் 3.5 எம்எம் ஸ்டீரியோ, மறுபக்கம் இரண்டு கால் இன்ச் மோனோ பின் உள்ள ஒய் கேபிள் வாங்கி, ஒரு பின்னை மட்டும் சொருகுங்கள்.

இடது காது, வலது காது பிரச்சினைக்கு: முதல் இன்புட்டை இடது, இரண்டாவதை வலது என்று ஓபிஎஸ் எடுத்துக்கொள்கிறது. அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸில் அந்த மைக்குக்கு நேரே 'மோனோ' டிக் போட்டால் இரண்டும் நடுவுக்கு வந்துவிடும். அங்கே நாய்ஸ் சப்ரஷன் ஃபில்டர் ஏதாவது மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்.

விண்டோஸ், ஓபிஎஸ், இன்டர்ஃபேஸ் மூன்றும் 48000 ஹெர்ட்ஸில் இருக்கட்டும். ஒன்று 44100 ஆக இருந்தால் 'டிக் டிக்' என்று வெடிப்பு வரலாம். தம்பூராவை எப்போதாவது லேப்டாப்பிலேயே ஓட்டினால் இன்னொன்று: விண்டோஸ் சவுண்ட் பகுதியின் கம்யூனிகேஷன்ஸ் டேபில், கால் வந்தால் மற்ற சத்தங்களை 80 சதவீதம் குறை என்று இருக்கும். 'டூ நத்திங்' ஆக்குங்கள்.

அனுமந்தரம்:
மீட்டிங் பட்டன் ஆஃப்தான்! ஒயரும் நீங்கள் சொன்ன மாதிரிதான், நாளை மாற்றுகிறேன். ஏழு மணித் திக்கல்? ஸ்பீடு டெஸ்டில் அப்போதும் 90 காட்டுகிறது.

ஒலிப்பொறி:
அந்த 90 இதற்கு உதவாது. ஒலிக்கு வேண்டியது 96 கிலோபிட்தான், அதாவது 0.1 எம்பிபிஎஸ்கூட இல்லை. வேகம் இருந்தும் பாக்கெட்டுகள் (ஒலியைச் சுமந்து போகும் தரவுத் துண்டுகள்) சீரான இடைவெளியில் போகாததுதான் திக்கல். இரண்டு கமாண்ட் ஜன்னல் திறந்து, ஒன்றில் ரவுட்டருக்கு பிங் (பதில் வர ஆகும் நேரத்தைக் காட்டும் கட்டளை), அதன் எண் பெரும்பாலும் 192.168.1.1. மற்றதில் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கு. பின்னால் ‑t சேர்த்தால் நிற்காமல் ஓடும். இரவு ஏழரைக்குப் பத்து நிமிடம் பாருங்கள். ரவுட்டர் எண்ணே 2-லிருந்து 200 மில்லிசெகண்டுக்குத் துள்ளினால் வைஃபை. ரவுட்டர் அசையாமல் வெளி எண் மட்டும் துள்ளினால் லைன், அல்லது வீட்டில் ஏதோ ஒரு போன் அந்த நேரத்தில் போட்டோ பேக்கப் ஏற்றுகிறது.

அனுமந்தரம்:
பார்த்தேன். ரவுட்டர் 3 முதல் 240 வரை ஆடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறது.

ஒலிப்பொறி:
அப்போது அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் முழித்துக்கொள்ளும் நேரம் அது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் பாதி குறையும். ஆனால் முழுதாகத் தீர, ரவுட்டரிலிருந்து பத்து மீட்டர் கேட் 6 நெட்வொர்க் கேபிளைச் சுவரோரம் இழுத்து லேப்டாப்பில் சொருகி, வைஃபையை அணைத்துவிடுங்கள். லேப்டாப்பில் லேன் துளை இல்லையென்றால் யூஎஸ்பி அடாப்டர். அதையும் இன்டர்ஃபேஸையும் ஒரே யூஎஸ்பி ஹப்பில் மாட்டாதீர்கள், இன்டர்ஃபேஸ் நேராக லேப்டாப்பில் இருக்கட்டும்.