மறு: தேங்கிய பெட்ரோலுக்குக் கலைச்சொல்: காலாவதியா, மூப்பா, காறலா?

வணக்கம் ஐயா,

> நாள்பட்டுக் கெட்ட பெட்ரோலை 'காலாவதியானது' என்றே எழுதிவிடலாமே?

எனக்கு மனம் ஒப்பவில்லை. காலாவதி என்பது அட்டையில் அச்சிட்ட தேதிக்கான சொல். பெட்ரோலுக்கு அப்படித் தேதி கிடையாது. ஒரே நாளில் பிடித்த இரண்டு கேன்களில், மூடி தளர்ந்து வெயிலில் கிடந்தது முதலில் கெடும். அக்கா சொன்ன 'மூப்பு' இதைவிட மேல்தான். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அது காட்டவில்லை.

2020 ஊரடங்கில் அப்பாவின் வண்டி பெரம்பூர் வீட்டு வாசலில் ஐந்து மாதம் நின்றது. எத்தனை உதைத்தும் கிளம்பவில்லை. மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றினால், கிண்ணத்தில் தேன் நிறப் பிசுக்கு, பெட்ரோல் போகும் நுண்துளையான ஜெட் அடைத்திருந்தது. எட்டிப் பார்த்த அம்மா, "என்னடா, காறல் எண்ணெய் வாடை அடிக்குது" என்றார். சொல் அங்கேயே கிடைத்துவிட்டது.

வாடை மட்டும் காரணமில்லை. கடலை எண்ணெய் காறுவதிலும் பெட்ரோல் கெடுவதிலும் நடப்பது ஒரே வகை வினை. இரட்டைப் பிணைப்புள்ள மூலக்கூறுகளை ஆக்சிஜன் தாக்க, முதலில் பெராக்சைடுகள் உண்டாகின்றன. பெட்ரோலில் இத்தகைய இரட்டைப் பிணைப்புள்ள ஹைட்ரோகார்பன்களான ஒலிஃபின்கள் அப்படியே ஒன்றோடொன்று கோத்துப் பிசினாகின்றன. ஆய்வகத்திலும் பெட்ரோலை ஆக்சிஜன் அழுத்தத்தில் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்து, எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் காறல் கணக்கில் எழுதக் கூடாது. பியூட்டேன், பென்டேன் போன்ற லேசானவை பறந்துபோவது 'ஆவியிழப்பு'. என்ஜின் கிளம்ப அடம்பிடிப்பதில் அதற்கும் பங்குண்டு. எத்தனால் கலந்த பெட்ரோல் சென்னைக் காற்றின் ஈரத்தை இழுத்து, அளவு மீறும்போது நீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் இறங்குவது வேறு. அதற்கு 'அடுக்குப் பிரிவு' என்பது என் யோசனை.

> காறல் நாக்குக்கு உரிய சொல் அல்லவா?

தொண்டைக்கு உரியது, சரி. அப்புறம் வாடைக்கும் வந்தது. மரத்துப் பிசின் கார்புரேட்டருக்கு வரலாம் என்றால் காறலும் வரலாம். மேலும் இதில் வினைச்சொல்லும் இருக்கிறது: பெட்ரோல் காறும், காறிய பெட்ரோல், காறல் தடுப்பான். 'காலாவதித் தடுப்பான்' என்று சொல்லிப் பாருங்கள், பொருளே மாறிவிடுகிறது.

கலைச்சொல் தொகுப்பில் காறல், ஆவியிழப்பு, அடுக்குப் பிரிவு மூன்றையும் தனித்தனிப் பதிவுகளாகச் சேர்க்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து