புதுப்பிப்பு: அமிழாத தக்கையும் தப்பிய ட்ரவுட்டும்

நியூ மெக்சிகோவின் சான் ஹுவான் ஆற்றில், நவாஹோ அணைக்குக் கீழே, ட்ரவுட் மீன்கள் கண்ணெதிரே மேய்ந்துகொண்டிருந்தும் மீன் கடித்ததைக் காட்டும் என் தூண்டில் தக்கை நாள் முழுவதும் ஒருமுறைகூட அமிழவில்லை என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். தக்கையைச் சிறிதாக்கும்படி சிலர் சொன்னார்கள். மறுபடியும் போய் வந்தேன்.

மீன் கடித்தால் தக்கை அமிழும் என்ற என் எதிர்பார்ப்பில்தான் தவறு இருந்தது. அணையின் அடியிலிருந்து வரும் அந்தக் குளிர்நீரில் மீன் இரையைத் துரத்துவதில்லை. நின்ற இடத்திலேயே வாயைத் திறந்து, 24ஆம் எண் என்னும் மிகச் சிறிய கொக்கியில் கட்டிய போலிப் புழுவை வாங்கி, பொய்யென்று உணர்ந்ததும் துப்பிவிடுகிறது. என் பழைய பிளாஸ்டிக் தக்கையை அமிழ்த்தும் அளவுக்கு தூண்டில் நரம்பு இறுக அதற்குள் நேரமே இல்லை.

இம்முறை தக்கைக்குப் பதிலாகப் பட்டாணி அளவுக் கம்பளிப் பிசிறை, கொக்கியிலிருந்து நீரின் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தொலைவில் நரம்பில் கட்டி, அது பக்கத்து நுரையோடு சேர்ந்து போகிறதா என்பதை மட்டும் கவனித்தேன். ஓரிடத்தில் நுரை முன்னே செல்ல, பிசிறு ஒரு கணம் தயங்கியது; பாசியாகத்தான் இருக்கும் என்று எண்ணியபடியே கோலை மெல்ல உயர்த்தினேன், கனத்தது. பிற்பகலுக்குள் நான்கு வானவில் ட்ரவுட். கொக்கியில் வெறும் பாசி சிக்கியது ஏழெட்டு முறை, அதையும் மறைக்கவில்லை. மீன் நழுவாமல் பிடிக்கும் எதிர்முள் இல்லாத கொக்கி அங்கே விதி என்பதால் நான்கையும் எளிதாக விடுவித்து ஆற்றிலேயே விட்டேன்.

கம்பளியில் ஒரு தொல்லை உண்டு: மிதவைப் பசை தடவியும் அடிக்கடி பிழிந்து உலர்த்த வேண்டியிருந்தது.