அம்மாவின் உடல் தளர்ச்சி: எந்தப் பயிற்சியில் தொடங்கலாம்?

அம்மாவுக்கு 78 வயது. வீட்டில் எங்களோடுதான் இருக்கிறார். ஓராண்டாக உடல் தளர்ந்துகொண்டே வருகிறது. எடை 56 கிலோவிலிருந்து 52 ஆகிவிட்டது. நாற்காலியில் இரண்டு கையையும் ஊன்றி, ஒருமுறை முன்னால் ஆடிப் பார்த்துத்தான் எழுகிறார். 4 மீட்டர் நடக்க 6 விநாடிக்கு மேல் ஆகிறது. நடுவில் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தபோது சட்டென்று இன்னும் தளர்ந்துபோனார். பாதி தேறினார், அப்புறம் அப்படியே நிற்கிறது.

தைராய்டு, பி12, வைட்டமின் டி, ஹீமோகுளோபின் பார்த்தாயிற்று, எல்லாம் சரி. தேவையில்லாத மாத்திரைகளை மருத்துவர் நிறுத்தினார். புரதம் கூட்டினோம். தினமும் நடக்கிறார், ஆனாலும் தொடையில் வலு ஏறவில்லை. இதுவரை விழுந்ததில்லை, ஞாபகமும் தெளிவு. ("வயசானா அப்படித்தான்" என்பதை நிறையக் கேட்டாயிற்று. தளர்ச்சி ஓரளவு மீளக்கூடியதுதான்.)

வீட்டிலேயே தசை வலுப் பயிற்சி செய்து பெரியவர்களைத் தேற்றியவர்கள், முதலில் எந்தப் பயிற்சியில் தொடங்கினீர்கள்?